பொன்னேரியில் எழுந்து போகாதவர்

நான் எழுதிய கவிதையை என் முன்னாலேயே ஒருவர் உரக்க வாசித்தது அதுதான் முதல் தடவை. வாசித்தவருக்கு அது என்னுடையது என்று தெரியாது. பெண்கள் பெட்டியில் இருந்த யாருக்குமே தெரியாது.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் காலை வண்டி அது; நான் மீஞ்சூரில் ஏறுவேன். சென்னைக்குப் போகிற வண்டிகளில் அந்த நேரத்தில் காலை ஊன்ற இடம் இருக்காது. நாங்கள் எதிர்த்திசையில் போகிறவர்கள் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார இடம் கிடைத்தால் பேச்சும் வந்துவிடும். பெட்டியில் பாதிக்கு மேல் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பெண்கள். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வண்டி தாமதமா, யார் வரவில்லை, யாருக்குப் பிறந்தநாள், எந்தக் கடையில் சேலைக்குத் தள்ளுபடி என்பதெல்லாம் அதில் வரும்.

குழுவுக்கும் பெட்டிக்கும் தலைமை, ஒரு கம்பெனி கேன்டீனில் சமையலைக் கவனித்துக்கொள்ளும் அக்கா. அத்திப்பட்டிலேயே ஏறிவிடுவதால் ஜன்னலோர இருக்கை எப்போதும் அவருடையது. என்னைவிடச் சில வயது மூத்தவர். அன்று காலை நான் ஏறி உட்காருவதற்குள் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏய், அல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க. எங்க அக்கா பொண்ணு ஒரு கவித அனுப்பிச்சிருக்கா. யாரு எழுதினதுன்னு தெரியல. படிச்சதுலேருந்து எனக்கு ஒரு மாரியா கீது" என்றார். பிறகு, கேன்டீனில் அன்றைய குழம்பை அறிவிக்கிற அதே குரலில் வாசித்தார்:

மார்புக்குள் ஒருவர் நாற்காலி போட்டு
உட்கார்ந்திருக்கிறார்.
அவருக்கென்று முகம் இல்லை.
என் முகத்தைத்தான் மாட்டியிருக்கிறார்.
கதவு திறந்திருக்கிறது, காற்று வருகிறது.
அதை விழுங்க என் வாய் போதவில்லை.
வண்டி நகர்கிறது என்கிறார்கள்.
நகர்வது என் தோல் மட்டும்.
பொன்னேரி வந்தது, எழுந்து போனார்!
பொழுதும் விடிந்தது, பயமும் போனது!

ஒரு சிற்றிதழில் புனைபெயரில் வந்திருந்த கவிதை. யாரோ தட்டச்சு செய்து அனுப்பி, கை மாறிக் கை மாறி இங்கே வந்திருக்கிறது. எட்டாவது வரி வரைக்கும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கடைசி இரண்டு வரிகள் என்னுடையவை அல்ல.

"இன்னாக்கா இது, காலங்காத்தால பேய்க் கதை?" என்றாள் எதிரில் இருந்த பெண்.

"பேய் இல்லமே. டென்ஷன். இத எழுதின பொம்பளைக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுகினு கீது."

"பொம்பளன்னு எப்படிக்கா சொல்ற?"

"ஆம்பளயா இருந்தா ஒரு டீய குடிச்சுட்டு, ஒரு தம்மு போட்டுட்டு, பொண்டாட்டிகிட்ட எரிஞ்சு வுழுந்துட்டுப் படுத்துடுவான். கவித எழுதிக்கினு இருப்பானா?"

பெட்டி சிரித்தது. கவரைப்பேட்டைப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "ஓசையே இல்லையே. எதுகை இல்ல, மோனை இல்ல. கடைசி ரெண்டு வரியிலதான் கொஞ்சம் கவிதை தெரியுது" என்றார். அதைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதைப் பார்த்தேன். அப்போது அதன் காரணம் எனக்குத் தெரியவில்லை.

"பித்தம் தலைக்கேறி கீது. சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

"மொதல்ல நல்லா தூங்கச் சொல்லுங்க. ஊட்டுக்காரன் குறட்ட வுடுவான் போல."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாமா சொல்ற? நீதான் புக்கு படிக்கிற ஆளு."

"முன்னாடி நல்லா இருக்குக்கா. முடிவுதான் ஒட்டல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. கேஜ், மைக்ரோமீட்டர், வெர்னியர் எல்லாம் என் மேஜைக்கு வந்து, என் கையெழுத்தோடுதான் வேலைத் தளத்துக்குத் திரும்பும். கருவியை நம்புகிறவர்கள் முதலில் என் கையை நம்ப வேண்டும். அந்தக் கை சில காலைகளில் நடுங்கும் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. பெட்டியிலும் என்னை அப்படித்தான் தெரியும்: பையில் குடை இருக்கும், குடைக்கு உறை இருக்கும், உறையில் பெயர் எழுதியிருக்கும். அப்படிப்பட்டவளுக்கு மார்புக்குள் நாற்காலி போட்டு யார் உட்காரப் போகிறார்கள்?

அன்று மாலை வண்டியிலும் பேச்சு அதைப் பற்றித்தான். மாலையில் எங்கள் பெட்டி ஒரு சமையலறை மாதிரி ஆகிவிடும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் கீரை வாங்கி, மடியில் செய்தித்தாளை விரித்து, ஆய்ந்துகொண்டே வருவோம். வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏற்றுவதுதான் பாக்கி. ஒருத்தி கீரையை இன்னொருத்தி ஆய்வதும் உண்டு. அக்கா அரைக்கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே ஒரு ரகசியத்தை உடைத்தார்.

"டீச்சர், காலைல கடைசி ரெண்டு வரி நல்லா கீதுன்னு சொன்னீங்க இல்ல? அது நான் போட்டது."

"நீங்களா?"

"நாந்தான். வந்த கவிதைல கடைசில என்னென்னமோ எழுதி வெச்சிருந்துது. அந்தாளு எழுந்திருக்கவே இல்லியாம். கூடவே எறங்கிச்சாம். படிச்சா வயித்த கலக்குது. அத எடுத்துட்டு நானே ரெண்டு வரி போட்டேன். எதுக நல்லா வந்துது இல்ல?"

நான் ஆய்ந்துகொண்டிருந்த தண்டைக் கீழே வைத்தேன். "எழுதினவங்க எழுதினபடியே விட்டிருக்கலாமேக்கா."

"எப்படிமா அப்படியே வுடறது? நம்ம ஊட்ல வெளக்க அணைன்னு சொல்லுவோமா? மலையேத்துன்னுதான் சொல்லுவோம். அரிசி இல்லன்னு சொல்லுவோமா? நெறஞ்சு கீதுன்னுதான் சொல்லுவோம். சின்ன வயசுல நான் வாய் தவறி 'போறேன்'னு சொல்லிட்டா எங்கம்மா தெருமுனையிலேருந்து திரும்பக் கூட்டுகினு வரும். உள்ள உட்கார வெச்சு, தண்ணி குடுத்து, 'போய்ட்டு வரேன்'னு சொல்ல வெச்சுதான் அனுப்பும். கவிதைக்கு மட்டும் தனி சட்டமா?"

"எழுதினவங்களுக்கு நெஜமாவே அது எழுந்து போகலன்னா?"

"போகலன்னா இன்னா? போச்சுன்னு எழுதினா போயிடும்."

அவர் சொன்னதில் எனக்குப் பாதி பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். நானும் அரிசி தீர்ந்ததை 'இல்லை' என்று சொல்லி வளர்ந்தவள் அல்ல.

அப்போதுதான் எங்கள் வரிசையின் ஓரத்தில் இருந்த பெண் பேசினாள். அனுப்பம்பட்டில் ஏறி இறங்குகிறவள். பிளாஸ்டிக் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் ஒப்பந்த வேலை. அதிகம் பேச மாட்டாள். மடியில் கீரை விரித்தபடி இருந்தது, ஒரு தண்டும் ஆயப்படாமல். "அக்கா, இத எழுதினவங்களுக்கு பொன்னேரில சரியாயிடிச்சா?" என்று கேட்டாள்.

"பின்ன? சும்மாவா எழுதுவாங்க!" என்றார் அக்கா, எழுதியது தான்தான் என்பதை மறந்தவர் போல. அதற்குள் பொன்னேரி வந்தது. பாதிப் பேர் எழுந்தார்கள், பைகள் இடித்தன, பேச்சு வேறு பக்கம் போயிற்று.

அடுத்து வந்த நாட்களில் காலையில் அந்தப் பெண் உட்காருவதை விட்டுவிட்டாள். கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். பொன்னேரி நடைமேடை தெரிய ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். வண்டி மறுபடி கிளம்பிய பிறகு கண்ணைத் திறந்து எங்களைப் பார்ப்பாள். அக்கா அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். அவளும் தலையாட்டுவாள். ஒருநாள் பொன்னேரியில் அவள் இறங்கினாள். தண்ணீர் வாங்கத்தான் இறங்குகிறாள் என்று நினைத்தோம். வண்டி கிளம்பும்போது அவள் நடைமேம்பாலத்தின் படியில் ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் போகிற வண்டியைப் பிடிக்க. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அக்கா தினமும் அவளிடம் கைப்பேசியில் பேசினார். முதலில் காய்ச்சல் என்றாளாம். வாரக் கடைசியில் உண்மை வெளியே வந்தது.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி ஏறவே பயமா கீதாம். சூப்பர்வைசர் போன் பண்ணிட்டானாம். திங்கக்கெழம வரலன்னா வேற ஆள் போட்டுடுவாங்களாம். புருசனுக்கு காட்டுப்பள்ளி ஹார்பர்ல வேல இருந்தா இருக்குது, இல்லாட்டி இல்ல. இவ சம்பளத்துலதான் அந்த ஊடு ஓடுது." அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "அவளுக்கு தெம்பா இருக்கட்டும்னுதான் அந்தக் கவிதைய தனியா வேற அனுப்பினேன். கடைசி ரெண்டு வரிய மட்டும் பெரிய எழுத்துல போட்டு. இப்ப ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டினா சரியாயிடும்னு தோணுது."

பெரிய எழுத்தில் போட்ட அந்த இரண்டு வரிகள்தான் அன்று முழுக்க என் மனதில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பம்பட்டுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவள் வீடு. வண்டி போகும்போது அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். மகள் உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"கேன்டீன் அக்கா அனுப்பிச்சாங்களா?"

"இல்ல. நானாதான் வந்தேன்."

"கயிறு கட்டணும்னு சொன்னாங்க. கட்டிக்கறேன்க்கா. ஆனா என்னுது கயித்துக்கு அடங்கறது இல்ல."

பிறகு அவள் பேசியதை இயன்றவரை அப்படியே எழுதுகிறேன். "அந்தக் கவிதய படிச்சப்ப நான் அழுதேன்க்கா. சந்தோசத்துல. ரெண்டு வருசமா எனக்கு மட்டும்தான்னு நெனச்சுகினு இருந்தேன். நெஞ்சுல நாற்காலி போட்டுகினு உக்காந்துகினு கீதுன்னு எழுதி இருந்துது பாருங்க, கரெக்டா அதேதான். டாக்டர்கிட்ட கூட எனக்கு சொல்லத் தெரியல. யாரோ ஒருத்தி சொல்லிட்டா. அவளுக்குப் பொன்னேரில எழுந்து பூட்ச்சுன்னு இருந்துது. சரி, பொன்னேரி வரைக்கும் பல்லக் கடிச்சுகினு இருந்தா போதும்னு நெனச்சேன். பொன்னேரி வந்துது. போகல. சரி, நாளைக்குப் போகும்னு நெனச்சேன். நாளைக்கும் போகல. அவங்களுக்குப் போச்சு, எனக்கு மட்டும் போகலன்னா? அப்ப என்னுது பயம் இல்ல, பைத்தியம். அது தெரிஞ்சப்புறம் எப்படிக்கா வண்டி ஏறுவேன்?"

"அவங்களுக்கும் போகல" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நான்தான்."

அவள் என்னையும், நான் குடித்துவிட்டு வைத்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சும்மா சொல்லாதீங்கக்கா. நீங்களா? டீ கிளாஸ கூட கோணலா வைக்க மாட்டேங்கறீங்க."

"நேரா வைக்கலன்னா அன்னைக்கு முழுக்க எனக்குப் படபடப்பு நிக்காது. அதான் நேரா வைக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. நான் கவிதையின் உண்மையான முடிவைச் சொன்னேன். எனக்கு அதைப் பார்த்துப் படிக்க வேண்டிய தேவை இல்லை.

பொன்னேரி வந்தது. போனது.
அவர் எழுந்திருக்கவில்லை.
நான் இறங்கினேன். அவரும் இறங்கினார்.
கம்பெனி வாசலில்
என் அடையாள அட்டையை
அவர்தான் நீட்டினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அப்போ கும்மிடிப்பூண்டி வரைக்கும் கூடவே வருமா?"

"வரும். கம்பெனிக்குள்ளயும் வரும். சில நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்காது. சில நாள் சாயங்காலம் வண்டி வரைக்கும் இருக்கும். பொன்னேரில ஒரு டாக்டரைப் பாக்கறேன், மாத்திரை சாப்பிடறேன். முன்னைக்கு இப்ப பரவால்ல. ஆனா போயிடுச்சுன்னு நான் எங்கயும் எழுதல."

"அத வெச்சுகினு எப்படிக்கா வேல செய்யறீங்க? உங்குளுது எவ்ளோ நுணுக்கமான வேல."

இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் நிற்கிறவளுக்கு இதைச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். "உங்க வரிசைல கேஜ் வெச்சுத்தான பாக்கறீங்க? அதுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இல்ல? அந்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டறதுதான் எங்க கம்பெனியில என் வேலை. பிழையே இல்லாத கேஜ் ஒண்ணுகூட இதுவரைக்கும் என் மேஜைக்கு வந்தது இல்ல. எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவுன்னு அளந்து எழுதிட்டு, அதோடயே வேலைக்கு அனுப்பிடுவோம். பிழை சுத்தமா இல்லன்னு யாராவது எழுதிக் குடுத்தா அந்தக் கேஜைத்தான் நான் திருப்பி அனுப்புவேன்."

ஒரு சரக்கு வண்டி கடந்தது. டம்ளர்கள் இடித்து அடங்கும் வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அவள் சொன்னாள்: "நாளைக்கு வரேன்க்கா. ஆனா ஒண்ணு. பொன்னேரி வந்தா அல்லாரும் என் மூஞ்சிய பாப்பாங்க. போச்சா, போச்சான்னு. கேன்டீன் அக்கா கட்டவெரல தூக்குவாங்க. அத என்னால தாங்க முடியல. பயத்தக் கூட தாங்கிடுவேன்."

அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் நான் செய்ய வேண்டியது என்ன என்பது அவள் சொன்னதிலேயே இருந்தது. பெட்டியில் என் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் வருகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது என்று அங்கே சொன்னால் மதியத்துக்குள் அது வேலைத் தளம் வரைக்கும் போய்விடும். மீஞ்சூருக்குத் திரும்பி வரும்போது அந்தக் கணக்கை எல்லாப் பக்கமிருந்தும் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் என் கையைப் பற்றிய மற்றவர்களின் நினைப்பு. இன்னொரு பக்கம் ஒருத்தியின் வேலை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முடிவாகிவிட்டது. அதன் பிறகு வேறு யோசனை செய்யவில்லை.

மீஞ்சூருக்கு அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு. அவள் ஏறுவதற்கு முன்பே பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. எனவே முன்னுரைக்கு நேரம் கிடையாது. திங்கட்கிழமை காலை வண்டி நகர்ந்ததும் உட்காராமல் நின்றபடியே சொன்னேன்: "அக்கா, அந்தக் கவிதை நான் எழுதினது. எனக்கு அந்தப் பயம் இருக்கு. அது பொன்னேரில எழுந்து போகல, எங்கயும் எழுந்து போகல."

அக்கா கையில் இருந்த கைப்பேசியை மடியில் வைத்தார். "அடிப்பாவி! அப்போ நாங்க பேசினதெல்லாம் கேட்டுகினு கல்லு மாரி உக்காந்துகினு இருந்தியா? சீரகத் தண்ணிய கூடவா?" என்றார்.

"குடிச்சுப் பாத்தேன்க்கா. வயிறு நல்லா இருந்துது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எதுகை மோனை பத்தி நான் சொன்னது தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா என் கருத்து அதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்காவின் முகம் மட்டும் இறுகியிருந்தது. "நல்லதுக்குத்தானமா நான் மாத்தினேன்."

"தெரியும்க்கா. நீங்க கெட்டது எதுவும் செய்யல. ஆனா அந்த ரெண்டு வரியை நம்பித்தான் அந்தப் பொண்ணு பொன்னேரிய பாத்துகிட்டு நின்னா. எழுதினவங்களுக்குப் போச்சுன்னு இருக்கு, எனக்குப் போகல, அப்ப நான் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டா. இப்ப அவ ஏறுவா. பொன்னேரில யாரும் அவ மூஞ்சிய பாக்காதீங்க."

அனுப்பம்பட்டு வந்தது. அவள் ஏறினாள். புடவை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி. அக்கா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். ஜன்னலோரத்தைக் கொடுத்தார் என்று குறிப்பிட வேண்டும். அந்த இடத்தை அவர் வேறு யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பொன்னேரி நடைமேடை தெரிந்தது. சொன்னது சொன்னபடி யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காக அவர்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லி மாளாது. டீச்சர் தன் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். எதிரில் இருந்தவள் தன் கால்விரல் நகங்களை ஆராய்ந்தாள். அக்கா மேலே சுழலும் மின்விசிறியை, அதைப் பழுது பார்க்க வந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. கை ஜன்னல் கம்பியை இறுக்கியிருந்தது. வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். வண்டி கிளம்பியது.

"போகல" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா கேட்டார்: "போகலன்னா கெடக்கட்டும். அதுக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்தியா இல்லியா?"

முதலில் சிரித்தது அவள்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. ஆனாலும் சிரிப்புதான். கவரைப்பேட்டையில் டீச்சர் இறங்கும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு அக்கா மெதுவாக என்னிடம் கேட்டார்: "உனுக்கு இப்பவும் கீதா?"

"இருக்குக்கா."

"இப்பவேவா? இதோ உக்காந்துகினு கீறியே, இப்பவா?"

"இப்பவும்தான்."

அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பக்கத்தில் இருந்து அந்தப் பெண் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்கள் ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும். அவளுடைய பஸ் முதலில் கிளம்பிவிடும். நடைமேடையில் கால் வைத்ததும், "போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

"ஏய்! இங்க வா!" அக்காவின் குரல் கேட்டு நடைமேடையில் பாதிப் பேர் திரும்பினார்கள். "திரும்பி வாடி! இன்னா சொல்லிட்டுப் போற நீ?"

அவள் திரும்பி வந்தாள். அக்கா அவளை நடைமேடை பெஞ்சில் உட்கார வைத்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடித்தாள். "இப்ப சொல்லு."

"போய்ட்டு வரேன்க்கா."

"ஆங். போ. பஸ்ஸு போயிடும், ஓடு."

அவள் ஓடினாள். பஸ்ஸின் படியில் நின்றவரிடம் கழுத்தில் தொங்கிய அட்டையை நீட்டிவிட்டு ஏறுவதை வேலிக் கம்பி வழியாகப் பார்த்தேன். பஸ் கிளம்பும் வரை நின்றுவிட்டுத்தான் என் வழியே போனேன்.

என்னைப் பற்றிய செய்தி எதிர்பார்த்தபடி மதியத்துக்குள் பரவிவிட்டது. பெட்டியில் வரும் இரண்டு பேரில் ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். நான் அளந்தேன், பிழையைக் குறித்தேன், கையெழுத்திட்டேன். அவள் வழக்கம்போல ஸ்டிக்கரை ஊதிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று எழுதினால் அது சரியாக இருக்காது. கவலையோடு மற்றக் கருவிகளையும் பார்த்து முடித்தேன்.

மாலையில் அனுப்பம்பட்டுப் பெண்ணின் கம்பெனி பஸ் வர நேரமாயிற்று. வண்டியில் அக்கா பக்கத்து இருக்கையில் கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் அவள் படியேறி வந்தாள். அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. "சூப்பர்வைசர் இன்னா சொன்னான்?" என்று அக்கா கேட்டார்.

"'வந்துட்டியா, போய் நில்லு'ன்னான். அவ்ளோதான்."

அக்கா கீரைக் கட்டுகளை எடுத்து அவள் மடியில் போட்டார். பிறகு என்னிடம் கைப்பேசியை நீட்டினார். குழுவில் மதியமே கவிதையைப் போட்டிருந்தார். தன் அக்கா மகளிடமிருந்து வந்த பழைய செய்தியைத் தேடி எடுத்து, என் முடிவோடு. "நல்லா பாரு. ஒரு எழுத்து மாத்தல."

எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. கவிதை முடிந்து ஓர் இடைவெளி விட்டு, கீழே இன்னொரு வரி இருந்தது: 'சாயந்தரம் வண்டிக்கு அல்லாரும் வந்துடுங்க.'

"அது கவிதைல சேத்தி இல்ல, தனியா போட்டது" என்றார் அக்கா. "இதுக்கும் சண்டைக்கு வருவியா?"

"வர மாட்டேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்து தண்டு வேறு இலை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். சில இலைகள் கீழே விழுந்தன, எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொன்னேரி வந்தது. போனது. அவள் அனுப்பம்பட்டில்தான் இறங்கினாள்.